ஷம்சுதீன் குறைத்துப் போட்ட ஒரு மார்க்

சனிக்கிழமை காலை ஏழே காலுக்கு, சான் ஹோசேயில் இருக்கிற ஐஸ் ஹாக்கி ரிங்கின் கேலரியில், கடைசி வரிசை இடது மூலையில் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் அது ஷம்சுதீன்தான். வயது ஐம்பத்திரண்டு. வார நாட்களில் சான் ரமோன் ஆபீஸ் பார்க்கில், என் டீமுக்கு அடுத்த டீமில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் லீட். வாரக் கடைசியில் ஸ்கௌட்.

ஸ்கௌட் என்றால் ஆள் பார்த்துச் சொல்கிறவர். மொன்டானாவில் ஒரு ஜூனியர் அணி இருக்கிறது. அந்த அணிக்காக இவர் கலிஃபோர்னியாவில் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து, யார் தேறுவார்கள் என்று மார்க் போட்டு அனுப்புவார். மே மாதம் டிராஃப்ட் நடக்கும். லீகில் இருக்கிற அணிகள் முறை வைத்து ஒவ்வொரு பெயராக எடுத்துக்கொள்ளும். பெயர் வந்த பையனுக்குக் காலேஜ் அணி வரைக்கும் ஒரு பாதை தெரியும். வராத பையனுக்குப் பாதையே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

"இதுக்கு என்ன குடுப்பாங்க?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஜாக்கெட் குடுத்தாங்க சபரி. ரெண்டு சைஸ் பெருசு."

கோவில்பட்டிக்காரர். அந்த ஊரில் பிறந்துவிட்டு ஹாக்கி மட்டையைத் தொடாமல் இருக்க முடியாது என்பார். காலேஜ் வரை புல்தரையில் ஆடியவர். இங்கே வந்த பிறகு, மகன் இர்ஃபானுக்கு ஏழு வயதாக இருந்தபோது ஐஸ் ஹாக்கி கிளாஸில் சேர்த்துவிட்டார். இரண்டே வருஷத்தில் இர்ஃபான் ரோபாட்டிக்ஸ் பக்கம் போய்விட்டான். "பையன் விட்டுட்டான், அத்தாதான் விடல" என்று அவர் மனைவி சுலைகா எந்த விருந்துக்குப் போனாலும் சொல்லிச் சிரிப்பார். பிள்ளை இல்லாமல் ரிங்குக்கு வந்து உட்கார்ந்து, ஒரு நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்த மனுஷனை மற்ற பெற்றோர்கள் ஒரு சீசன் முழுக்கச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் ரஸ் வந்தார். ரஸ், மொன்டானா அணியின் தலைமை ஸ்கௌட். மினசோட்டாவில் பிறந்து, முன்பல் இரண்டை ஹாக்கிக்குக் கொடுத்தவர். பக்கத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு எழுத்தும் புரியவில்லை.

"என்ன பாஷை இது?"

"தமிழ்."

"என்ன எழுதியிருக்கே?"

ஷம்சுதீன் வாசித்து இங்கிலீஷில் சொன்னார். "ஏழாம் நம்பர் பையன், பந்து கிட்ட வர்றதுக்கு முன்னாடியே தோளுக்குப் பின்னால திரும்பிப் பாக்கறான். பத்து தடவைல எட்டு தடவை."

ரஸ் தன் கையில் இருந்த அட்டையைத் திருப்பிக் காட்டினார். அதில் அதே ஏழாம் நம்பருக்கு நேராக எட்டு கோடுகள் போட்டிருந்தது. அடுத்த வாரம் ஜாக்கெட் தபாலில் வந்தது.

ஐஸ் ஹாக்கியில் பந்து இல்லை, பக் என்கிற ரப்பர் வில்லைதான்; அவர் இன்னும் அதைப் பந்து என்றுதான் சொல்வார். நான் முதல் தடவை அவரோடு போனபோது அந்தக் கறுப்பு வில்லை போகிற இடமெல்லாம் கண்ணை ஓட்டிக் கழுத்து வலித்தது. "பந்தைப் பாக்காதீங்க சபரி. அதைப் பாக்கத்தான் அப்பா அம்மா வந்திருக்காங்க. நீங்க பந்து இல்லாதவனைப் பாருங்க" என்றார். வார்ம்-அப்பிலேயே அவர் வேலை ஆரம்பித்துவிடும். இடது பக்கம் வளைகிற மாதிரியே வலது பக்கமும் வளைகிறானா? நின்ற இடத்திலிருந்து முதல் மூன்று அடியில் எவ்வளவு வேகம்? பந்தைப் பறிகொடுத்தால் நடுவரைப் பார்த்துக் கையை விரிக்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பெஞ்சில் உட்கார்ந்ததும் என்ன செய்கிறான்? எந்த மாதம் பிறந்தவன் என்பதுகூட வேண்டும். டிசம்பரில் பிறந்தவன் அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் சின்னவன், இன்னும் வளருவான். அப்பாவின் உயரத்தையும் ஓரக்கண்ணால் அளந்து வைப்பார். இத்தனைக்கும் நோக்கம் ஒன்றுதான். இன்றைக்கு ஆடுகிற பையனுக்குள்ளே நாலு வருஷம் கழித்து ஆடப்போகிறவன் தெரிகிறானா?

கடைசியில் எல்லாம் ஒரே ஒரு எண்ணாகும். ஒன்றிலிருந்து ஒன்பது. ஏழு வந்தால் டிராஃப்ட் பட்டியலில் ஏறும். ஆறு என்றால் 'பார்க்கலாம்' என்று அர்த்தம், பிறகு யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஆர்யனுக்கு ஷம்சுதீன் போட்டது ஆறு.

ஆர்யன் பிளசன்டன் பையன். இருபத்துமூன்றாம் நம்பர் சட்டை. அப்பா அனந்தராமன், அம்மா நாகலக்ஷ்மி, இரண்டு பேரும் சென்னை. அந்த வருஷம் கலிஃபோர்னியாவில் ஷம்சுதீன் பார்த்த நாற்பது பேரில் தமிழ்ப் பையன் இவன் ஒருவன்தான். மூன்று ஆட்டம் பார்த்தார். மூன்று தடவையும் தூரத்து மூலையிலேயே உட்கார்ந்தார். தமிழ்க் குரல் கேட்டால் அந்தப் பக்கமே போகவில்லை. பார்க்கிங்கில் அனந்தராமன் கையாட்டினால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

நோட்டில் தமிழில் எழுதுவார், ஞாயிற்றுக்கிழமை சுலைகா அதை இங்கிலீஷில் அணியின் வெப்சைட்டில் டைப் பண்ணுவார். இதுதான் அவர்கள் வீட்டு ஏற்பாடு. மார்ச் முதல் வாரம், நோன்பு தொடங்கிய புதிது. சாப்பாட்டு மேஜையில் தட்டுக்குப் பதிலாக லேப்டாப். ஆர்யனின் பக்கத்தைத் திறந்த சுலைகா அங்கே ரஸ் புதிதாக எழுதியிருந்த குறிப்பை வாசித்தார்.

"ஒவ்வொரு ஷிஃப்ட் முடிந்ததும் கேலரியைப் பார்க்கிறான். வீட்டைச் சார்ந்த பிள்ளை. பதினாறு வயதில் தனியாக மொன்டானாவில் இருக்க மாட்டான். எடுக்க வேண்டாம்."

ஷிஃப்ட் என்பது ஐஸில் ஓடுகிற முக்கால் நிமிஷம். அது முடிந்ததும் பெஞ்சுக்கு வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்குவார்கள். அந்த மூச்சு வாங்குகிற நேரத்தில் இவன் மேலே பார்க்கிறானாம்.

"சரி, நீ ஆறுன்னு போடு" என்றார் ஷம்சுதீன்.

"நோட்டுல ஏழுன்னு இருக்குதுங்க."

"ஆறுன்னே போடு."

"உங்களுக்குக் கண்ணு தெரியலையா, எனக்கு நம்பர் தெரியலையா?"

"சுலைகா, அது நம்ம பையன். தமிழ்ப் பையன். நான் ஏழு போட்டா, தன் ஆளைத் தூக்கிவிடறான்னு ரஸ் நினைப்பாரு. அதுக்கப்புறம் நான் போடற எந்த நம்பரையும் நம்ப மாட்டாரு."

"போன மாசம் அந்தச் செம்பட்டைத் தலைப் பையனுக்கு ஏழு போட்டீங்கல்ல. அவன் இவனைவிட நல்லா ஆடறானா?"

"இல்ல."

"அப்போ?"

ஷம்சுதீன் நோட்டை மூடி வைத்தார்.

"தூக்கிவிட வேண்டாங்க. அமுக்காம இருக்கலாம்ல?" என்று கேட்டுக்கொண்டே ஆறு என்று டைப் பண்ணினார் சுலைகா.

மறுநாள் கேஃப்டீரியாவில் இதை அவர் என்னிடம் சொன்னபோது நான் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டேன். போன வருஷம் ஒரு இன்டர்வ்யூ பேனலில் நானும் இதையே செய்தேன். திருச்சிப் பையன், நன்றாகச் செய்தான். மற்ற மூன்று பேரும் என்ன நினைப்பார்களோ என்று 'பரவாயில்லை' பெட்டியில் டிக் அடித்தேன். அந்தப் பையனுக்கு வேலை வரவில்லை. நேர்மையாக இருந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினேன்.

ஷம்சுதீனைத் தூங்கவிடாதது இன்னொன்றும் உண்டு. ரஸ் கண்டதை அவரும் கண்டிருந்தார். மூன்று ஆட்டத்துக் குறிப்பிலும் '23 - மேலே பார்க்கிறான். ஏன்?' என்று எழுதியிருந்தார். டெஸ்டிங்காரர் அவர். காரணம் தெரியாத இடத்தில் 'ஏன்' போட்டு வைப்பார், பதில் கண்டுபிடிக்காமல் விடமாட்டார். இந்த 'ஏன்' மட்டும் மூன்று மாதமாக அப்படியே கிடந்தது. பதில் தெரியவேண்டுமானால் தமிழ்ப் பெற்றோர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அதற்குத்தானே அவர் பயந்தார்.

பட்டியல் கொடுக்கக் கடைசி நாள் அடுத்த திங்கட்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை சீசனின் கடைசி டோர்னமென்ட். அன்றைக்கு நானும் கூடப் போனேன். உள்ளே நுழைந்ததும் ஷம்சுதீன் மூலைக்குப் போகாமல் நடு கேலரிக்குப் போய் நாகலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வாங்கண்ணா" என்று ஆச்சரியமாக நகர்ந்து இடம் விட்டார் நாகலக்ஷ்மி. ஃபிளாஸ்கைத் திறந்து, "காபி?" என்றார்.

"நோன்பும்மா."

"ஐயோ, சாரிண்ணா." ஃபிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தவர் அப்புறம் தானும் அதை எடுக்கவில்லை.

கீழே கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு அனந்தராமன், "பாஸ் பண்ணுடா! ஆர்யன், பாஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார். நாகலக்ஷ்மியோ ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. மடியில் போனை வைத்துக்கொண்டு கலர் கலராக மிட்டாயை உடைக்கிற ஏதோ ஒரு விளையாட்டு.

"கேம் பாக்கலையாம்மா?"

"நான் பாக்க மாட்டேண்ணா. ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவ நான். தினம் பத்து உடைஞ்ச எலும்பு. இங்க வந்து லைவ்வா வேற பாக்கணுமா?"

பெஞ்சுக் கதவு படாரென்று திறந்தது. அந்தச் சத்தத்துக்கு மட்டும் அவர் தலை நிமிர்ந்தது. இருபத்துமூன்றாம் நம்பர் உள்ளே வந்து உட்கார்ந்தான், மேலே பார்த்தான், கையுறையோடு ஹெல்மெட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். இவர் கையை லேசாக உயர்த்தினார். அரை நொடி. அவன் ஐஸுக்குத் திரும்பிவிட்டான், இவர் மிட்டாய்க்குத் திரும்பிவிட்டார்.

"அது என்னம்மா?"

"அதுவா? ஒரு டீல்ண்ணா." சிரித்தார். "பன்னெண்டு வயசுல காலர்போன் உடைஞ்சுது. என் டிபார்ட்மென்ட்லயே, நானே படம் எடுத்தேன். முதல் படம் ஆடிப்போய் ரெண்டு தடவை எடுக்க வேண்டியதாப் போச்சு. இனிமே ஹாக்கியே கிடையாதுன்னுட்டேன். மூணு வாரம் எங்கிட்ட பேசல. அப்புறம் அவனே வந்து சொன்னான். 'ஒவ்வொரு தடவை வெளியில வரும்போதும் ரெண்டு தட்டு. ஐ ஆம் ஓகேன்னு அர்த்தம். ஒரு தடவை மறந்தாலும் நான் ஆட மாட்டேன்.' அப்படின்னு."

"மறந்திருக்கானா?"

"மூணு வருஷமாச்சு. மறக்கல."

கடைசி நாலு நிமிஷம் இருக்கும்போது ஆர்யன் நடு ஐஸில் பந்தைப் பறிகொடுத்தான். எதிர் அணிக்காரன் பறித்த வேகத்தில் கோல் போட்டான். கேலரியே 'ச்ச' என்றது. அனந்தராமன் கண்ணாடியில் தலையை முட்டினார். பெஞ்சில் ஒருத்தன் மட்டையைத் தரையில் அடித்து உடைத்தான், கோச் ஆர்யனின் காதுக்கு நேராகக் குனிந்து கத்தினார். ஷம்சுதீன் பந்தையும் பார்க்கவில்லை, கோச்சையும் பார்க்கவில்லை. ஆர்யன் உட்கார்ந்தான். மேலே பார்த்தான். இரண்டு தட்டு, அரை நொடி. பிறகு முன்னால் சாய்ந்து, தான் எங்கே ஏமாந்தான் என்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஷம்சுதீன் நோட்டைத் திறந்தார். "இதை எழுதிக்கலாமாம்மா?"

நாகலக்ஷ்மியின் முகம் மாறியது. "ஏண்ணா, தப்பா எடுத்துக்கறாங்களா? என்னால அவனுக்கு ஏதாவது...?"

ரஸ் எழுதியதை வெளியே சொல்லக்கூடாது. "எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு கேட்டேன்மா" என்றார்.

"அவனையே கேளுங்க. டீல் அவனோடது."

ஆட்டம் முடிந்து, தோற்ற முகத்தோடு தன் உயரத்துக்கு ஒரு பையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான் ஆர்யன். ஷம்சுதீன் தமிழில் கேட்டார். அவன் இங்கிலீஷில் பதில் சொன்னான்.

"இட்ஸ் ஃபைன், அங்கிள். டீமுக்கே தெரியும். எல்லாரும் என்னை மாதிரி தலையில தட்டிக் கிண்டல் பண்ணுவாங்க."

"அப்போ நீ என்ன பண்ணுவே?"

"திருப்பித் தட்டுவேன். தே ஆர் ஓகே டூ, ஐ கெஸ்."

ஞாயிற்றுக்கிழமை ஷம்சுதீன் வீட்டு மேஜையில் லேப்டாப் இரண்டு. ரிங்குகளில் இப்போது எல்லா ஆட்டத்தையும் கேமரா பிடித்து வைக்கிறது. ஆர்யன் அந்த சீசனில் ஆடியதில் பதினோரு ஆட்டம் கிடைத்தது. புருஷனும் பெண்டாட்டியும் நோன்பு வயிற்றோடு உட்கார்ந்து எண்ணினார்கள். அவர் ஓட்டுவார், சுலைகா எக்ஸெலில் போடுவார்.

"தட்டிட்டான்."

"கோல் போட்ட ஷிஃப்ட்டா, கோட்டை விட்ட ஷிஃப்ட்டா?"

"கோட்டை விட்டது."

"எவ்வளவு நேரம் பாத்தான்?"

"அதே அரை நொடி."

மாடியிலிருந்து இறங்கி வந்த இர்ஃபான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அத்தா, யூ ஆர் லிட்டரலி டெஸ்டிங் அ கிட்" என்று தலையில் அடித்துக்கொண்டு போனான்.

இருநூற்று இருபத்துமூன்று ஷிஃப்ட். இருநூற்று இருபத்தொன்றில் தட்டு. மீதி இரண்டில் கேமராவை யாரோ மறைத்திருந்தார்கள். ஷம்சுதீனுக்கு எண்ணிக்கையைவிட முக்கியம் அந்த அரை நொடிதான். தைரியத்துக்காக அம்மாவைத் தேடுகிற பிள்ளை, தப்புப் பண்ணினால் அதிக நேரம் பார்ப்பான், கோல் போட்டால் பெருமையோடு பார்ப்பான். இவன் எது நடந்தாலும் ஒரே மாதிரி பார்க்கிறான். அம்மாவிடம் எதையும் கேட்பதற்காக அவன் பார்க்கவில்லை, தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

திங்கட்கிழமை மதியம் ஆபீஸ் பார்க்கிங்கில், என் காருக்குள் உட்கார்ந்து ஸ்பீக்கரில் ரஸ்ஸைக் கூப்பிட்டார். முதலில் டீலைச் சொன்னார். எக்ஸெலையும் வீடியோவையும் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பேச்சு இங்கிலீஷில்தான்.

"சரி, பாக்கறேன்" என்றார் ரஸ். "ஆனா நீயே ஆறுதானே போட்டிருக்கே?"

ஷம்சுதீன் கார் கண்ணாடி வழியாக எதிரே இருந்த மரத்தைப் பார்த்தார்.

"என் நோட்டுல ஏழு. நான்தான் குறைச்சேன். என் ஊர்க்காரப் பையன். தூக்கிவிடறேன்னு நீங்க நினைச்சிருவீங்களோன்னு."

ரஸ் அவரை ஷாம் என்றுதான் கூப்பிடுவார்.

"ஷாம், மத்த முப்பத்தொன்பது பேர்?"

"அதெல்லாம் பாத்தபடிதான் போட்டேன்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஆர்யனும் போய், இவருடைய ஜாக்கெட்டும் போகப்போகிறது என்று நினைத்தேன்.

"நோட்டை ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்" என்றார் ஷம்சுதீன்.

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."

"எண் தெரியுமே."

அன்றைக்கே எழுபது பக்கத்தை ஆபீஸ் ஸ்கேனரில் ஏற்றி அனுப்பினார். சுற்றிலும் தமிழ், நடுவில் வட்டம் போட்ட ஒவ்வொரு எண். ரஸ் அதையெல்லாம் வெப்சைட்டில் இருந்த எண்களோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார். செவ்வாய் போச்சு, புதனும் போச்சு. ஷம்சுதீன் அந்த இரண்டு நாளும் லிஃப்ட்டில் தப்பான மாடியை அமுக்கிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை காலையில் மெஸேஜ் வந்தது. என் மேஜைக்கே கொண்டுவந்து காட்டினார்.

'முப்பத்தொன்பது சரி. ஒன்று தப்பு. திருத்தியாச்சு. ஏத்திப் போடற ஸ்கௌட்டை நிறையப் பாத்திருக்கேன், இறக்கிப் போடறவனை இப்பத்தான் பாக்கறேன். ரெண்டையும் பண்ணாதே. பையனோட மூணு ஆட்டம் பாத்தேன். என் குறிப்பை எடுத்துட்டேன்.'

கீழே இன்னொரு வரி. 'அப்பா குள்ளம். அது அப்படியே இருக்கு.'

மே மாதம் டிராஃப்ட் அன்றைக்கு மதியம் ஒரு சின்ன கான்ஃபரன்ஸ் ரூமை நான் புக் பண்ணினேன். மீட்டிங் பேர் 'ரெக்ரெஷன் ரிவ்யூ', அதாவது சாஃப்ட்வேரில் இருக்கிற பிழைகளைச் சரிபார்க்கிற கூட்டம். ஸ்க்ரீனில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே வந்தன. செம்பட்டைத் தலைப் பையன் நாலாவது சுற்றில் போய்விட்டான், வேறு அணிக்கு. ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது சுற்றில் மொன்டானாவின் முறை வந்தபோது ஷம்சுதீன் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றுகொண்டார். அது விஸ்கான்சின் பையன். ஒன்பது. பத்து.

"பன்னெண்டோட முடிஞ்சிரும் சபரி" என்றார் ஜன்னலைப் பார்த்தபடியே.

பதினொன்றாவது சுற்றில், மொன்டானாவின் முறையில், நீளமான ஒரு பெயரை ஸ்க்ரீனில் அடக்க முடியாமல் பாதியில் வெட்டி, 'ஆர்யன் அனந்தரா' என்று போட்டிருந்தது. பக்கத்தில் பிளசன்டன், கலிஃபோர்னியா. நான் கத்தியதில் வெளியே நடந்துபோன மேனேஜர் எட்டிப் பார்த்தார். "பக் சரியாயிருச்சு" என்றேன். அவரும் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார்.

இதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்று எனக்கும் தெரியும். ஜூலையில் மொன்டானாவில் முகாம், அங்கே அறுபது பேர், அதில் இருபத்துமூன்று பேர்தான் தங்குவார்கள். பதினொன்றாவது சுற்றில் வந்தவனுக்கு யாரும் கம்பளம் விரிக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஐஸில் இறங்க அவனுக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. மூடியிருந்தது, இப்போது திறந்திருக்கிறது.

ஷம்சுதீன் அனந்தராமனைக் கூப்பிடவில்லை, நாகலக்ஷ்மியைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ தட்டு கீழே விழுந்தது. அப்புறம் ஒரு பெரிய சிரிப்பு, அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அண்ணா."

"சொல்லும்மா."

"அவ்வளவு தூரத்துல அவன் தட்டினா நான் எப்படிப் பாப்பேன்?"

"எல்லா ஆட்டமும் ஸ்ட்ரீம்ல வரும்மா. அந்த ரிங்குல கேமரா பெஞ்சுக்கு நேர் எதிர்ல இருக்கு. ரஸ்கிட்ட கேட்டுட்டேன்."

"எப்போ கேட்டீங்க?"

"மார்ச்லயே."